பனி பெய்யாத ஊரில் ஒரு நத்தார்க் கதை

குடும்ப மறைக்கல்வி – திருவருகைக் காலப் பாடம்



திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் வீட்டிலும் மறைக்கல்வி வகுப்பிலும் பிள்ளைகள் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: "நத்தார்க் கதை ஒன்று சொல்லுங்க!" நாமும் சொல்கிறோம். ஆனால் நாம் சொல்லும் கதைகளில் பெரும்பாலும் வெண்பனி பெய்கிறது. அடுப்பங்கரையில் விறகுக் கட்டைகள் எரிகின்றன. மேசைமீது பொரித்த வாத்து இருக்கிறது.

கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே லயத்துக் காம்பராவில் வளரும் பிள்ளை இவற்றுள் எதைக் கண்டது? அது அறிந்த நத்தார் வேறு. பின்னேரமானால் மழை இருட்டும். விடியற்காலையில் மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டு இல்லை. பால் வெட்டு இல்லையென்றால் அன்றைய பேரும் இல்லை. பண்டிகைக்குப் புதுச்சட்டை உண்டா இல்லையா என்பதை வானம் பார்த்துத் தீர்மானிக்கும் வீடுகள் அவை. அந்தப் பிள்ளைக்கு லண்டன் மாநகரத்துப் பனியைப் பற்றிச் சொன்னால் வாய் திறந்து கேட்கும். கேட்டு முடிந்ததும், "நல்ல கதை, ஆனால் அது வேறு யாருடையதோ கதை" என்று எழுந்து போய்விடும். இந்த வாரப் பாடம் இதைப் பற்றியதே.

கதை இடம் மாறலாமா?

மாறலாம். மாறியாக வேண்டும் என்றே திருச்சபையின் அனுபவம் சொல்கிறது. தாவீது அரசன் பெரும்பாவம் செய்தபோது நாத்தான் இறைவாக்கினர் அவனுக்குச் சட்டம் படித்துக்காட்டவில்லை. ஆடு மேய்த்து வளர்ந்தவனுக்கு ஆட்டுக்குட்டிக் கதையைச் சொன்னார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் பறித்த கதை அது. கேட்ட தாவீது சினந்து எழுந்தபோது, அந்த மனிதன் அவனேதான் என்று விரல் நீட்டினார் (2 சாமுவேல் 12). கேட்பவனின் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்த கதைக்குத்தான் அவன் நெஞ்சைத் தொடும் உரிமை கிடைக்கிறது.

1223 ஆம் ஆண்டில் அசிசி நகரப் புனித பிரான்சிஸ், கிரேச்சியோ என்ற மலைக் கிராமத்தில் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு பாலன் குடிலை அமைத்தார். அந்த ஊர் மக்கள் பெத்லகேமைத் தங்கள் சொந்த மலையிலேயே கண்டார்கள். வீரமாமுனிவர் 1726 ஆம் ஆண்டில் பாடிய தேம்பாவணி 36 படலங்களையும் 3615 பாடல்களையும் கொண்ட பெருங்காவியம். அதில் புனித சூசையப்பர் 'வளன்' என்ற தமிழ்ப் பெயரைப் பெறுகிறார். யூதேயா நாடு தமிழ் நாட்டின் வயலும் சோலையும் நீர்வளமுமாகக் காட்சி தருகிறது. நம் இலங்கையிலும் 1705 ஆம் ஆண்டு வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதி, இந்நாட்டு மக்களின் நாவிலேயே நற்செய்தியை வைத்தார். இவர்கள் நடந்த வழியில் ஒரு சிறிய எட்டு வைக்க நாமும் துணியலாம்.

கதை பிறந்த விதம்

உலகெங்கும் நத்தார்க் காலத்தில் சொல்லப்படும் கதைகளுள் ஒன்று, ஆங்கில எழுத்தாளர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிறிஸ்மஸ் கரோல்'. 1843 டிசம்பர் 19 ஆம் திகதி வெளிவந்தது. நத்தாருக்கு முந்திய நாளுக்குள் 6000 பிரதிகளும் விற்றுத் தீர்ந்தன. ஸ்குரூஜ் என்ற கருமி, இறந்துபோன தன் கூட்டாளி மார்லியினாலும் மூன்று ஆவிகளினாலும் ஒரே இரவில் மனந்திரும்புகிறான் என்பதே அதன் சுருக்கம்.

இது பொழுதுபோக்குக்காகப் பிறந்த கதையன்று. டிக்கன்ஸின் தந்தை 1824 ஆம் ஆண்டில் கடனைக் கட்ட முடியாமல் சிறை சென்றார். 12 வயதுச் சிறுவனான சார்ள்ஸ், சப்பாத்து மை செய்யும் தொழிற்கூடத்தில் போத்தல்களுக்கு லேபல் ஒட்டினான். பின்னர் 1843 இல், சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலைசெய்த பிள்ளைகளைப் பற்றிய அரசாங்க அறிக்கையை வாசித்து மனம் கொதித்தார். ஒரு துண்டுப்பிரசுரம் எழுத நினைத்தவர், அதை விட்டுக் கதையை எழுதினார். கடனும் பிள்ளைகளின் உழைப்புமே இக்கதையின் வேர்கள். பனியும் வாத்தும் வெறும் இலைகள். இலையை மாற்றலாம், வேரை வெட்டக்கூடாது.

யாரை ஸ்குரூஜ் ஆக்குவது?

தோட்டத்துக்கு இக்கதையைக் கொண்டுவரும் எவருக்கும் முதலில் தோன்றும் எண்ணம், துரையையே கருமியாக்கிவிடலாம் என்பது. கேட்பவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் ஒருவர்கூட மனந்திரும்பமாட்டார். ஏனென்றால் கேட்டுக்கொண்டிருப்பவர் துரையல்லர், நாம். கம்பெனிகள் நியாயமான கூலி கொடுக்கக் கடமைப்பட்டவை என்பதைத் திருச்சபை 1891 ஆம் ஆண்டுப் பாப்பரசர் 13 ஆம் சிங்கராயரின் சுற்றுமடல் காலந்தொட்டுப் போதித்து வருகிறது. அக்கடமையில் ஓர் அணுவும் குறையவில்லை. ஆனால் அது வேறொரு பாடம். நாத்தான் தாவீதிடம் அயல்நாட்டு மன்னனின் பாவத்தைச் சொல்லவில்லை அன்றோ!

நம் வரலாற்றையே பாருங்கள். நம் முன்னோரைக் கடல் கடந்து அழைத்து வந்த கங்காணிமார் முன்பணம் கொடுத்தார்கள், அது கடனாயிற்று. அந்தக் கடன் எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். புதிய தோட்டம் கடனைத் தீர்த்தாலன்றிப் பழைய தோட்டத்தைவிட்டு நகர முடியாது. 1921 ஆம் ஆண்டில்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. சட்டத்தில் ஒழிந்தது மனத்தில் ஒழிந்ததா? துண்டு போயிற்று, பற்றுக் கொப்பி வந்தது, அடகுச் சீட்டு வந்தது, வாரத் தவணைக் கடன் வந்தது. 2022 ஆம் ஆண்டில் நாடே விலையேற்றத்தில் தத்தளித்தபோது எத்தனை தோடுகள் காதைவிட்டு இறங்கின என்பதை நம் தாய்மார் அறிவர். ஆகவே நம் கதையின் கருமி நம்மவராகவே, நம் கோயிலில் முழந்தாளிடுபவராகவே இருக்கட்டும்.

இனிக் கதையைக் கேளுங்கள். இதில் வரும் பெயர்கள் கதைக்காக இட்டவை. வீட்டில் உரத்த குரலில் வாசித்துக் காட்டுங்கள்.

சவரிமுத்து முதலாளியின் நத்தார்

ருவான்வெல்லையிலிருந்து யட்டியாந்தோட்டைக்குப் போகும் வழியில், ஒரு ரப்பர் தோட்டத்தின் அடிவாரத்தில் சவரிமுத்து முதலாளியின் கடை இருந்தது. அரிசி, மா, சீனி, கருவாடு எல்லாம் பற்றுக்குக் கொடுப்பார். பற்று மிஞ்சினால் தோடு, மூக்குத்தி, சங்கிலி ஏதாவது ஒன்றை அடகாக வாங்கிப் பூட்டி வைப்பார். அவருடைய கூட்டாளி சூசைப்பிள்ளை இறந்து ஏழு வருடங்கள் ஆகியும் கடைப் பலகையில் இருவர் பெயரும் அப்படியே இருந்தன. புதுப் பலகை எழுதினால் காசு செலவாகுமே! ஞாயிறு பூசைக்கு மட்டும் முதலாளி தவறமாட்டார். முதல் வாங்கு அவருடையது.

கடையில் கணக்கெழுதியவர் அந்தோனி. அவர் மனைவி தோட்டத்தில் பால் வெட்டினார். அவர்களுடைய கடைசிப் பிள்ளை சின்னராசு. ஒரு கால் சூம்பியதால் கம்பு ஊன்றி நடப்பான்.

நத்தாருக்கு முந்திய நாள் பின்னேரம். மழை கொட்டியது. அந்தோனி தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"முதலாளி, நாளைக்கு நத்தாருங்க. பிள்ளைகளோட கோயிலுக்குப் போகணும்."

"போ. நாளைச் சம்பளம் கிடையாது. மறுநாள் விடியமுன்ன கடை திறந்திருக்கணும்."

முதலாளியின் காலஞ்சென்ற தங்கையின் மகன் பிலிப்பு மழையில் நனைந்து ஓடிவந்தான். "மாமா, நாளைக்கு நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க. வருசாவருசம் கூப்பிடுறேன்."

"நத்தாராம், நத்தார்! முதல்ல உன் பற்றைக் கட்டு!" என்றார் முதலாளி.

அன்றிரவு கதவைத் தாழிட்டுப் படுத்தவருக்குச் சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் சூசைப்பிள்ளை! இடுப்பைச் சுற்றி ஒரு நீண்ட சங்கிலி. அதில் கொப்பிகள், படிக்கற்கள், சாவிக்கொத்துகள், சின்னச் சின்னத் தோடுகள்.

"சூசை, இது என்ன?"

"நானே ஒவ்வொரு வளையமாகச் செய்து கட்டிக்கொண்டது. உன்னுடையது இதைவிட நீளம், சவரி. இன்றிரவு மூவர் வருவார்கள். கேட்டுக்கொள்."

முதலில் வந்தவன் ஒரு சிறுவன். முதலாளியின் கையைப் பிடித்து அவிசாவளைக்கு, பல வருடங்களுக்கு முந்திய ஒரு நத்தார் நாளுக்கு அழைத்துப் போனான். ஒரு கடையின் பின்னறையில், அரிசி மூட்டைமேல் பத்து வயதுப் பையன் தனியாக அழுதுகொண்டிருந்தான். அப்பாவின் கடனுக்காகக் கடையில் விடப்பட்ட சவரிமுத்துதான் அவன். கதவு திறந்தது. சின்னத் தங்கை மேரி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அண்ணே, அப்பா ஒன்னக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க!" அவளுடைய மகன்தான் பிலிப்பு. கடைச் சொந்தக்காரர் ஒரு சிங்கள முதலாளி, பௌத்தர். "கடையைப் பூட்டு மகன், நாளைக்கு உங்கள் பெருநாள் அல்லவா!" என்று சொல்லி எல்லாருக்கும் தேத்தண்ணியும் கேக்கும் கொடுத்தார். பஸ்ஸுக்குக் காசும் கொடுத்தார். அவருக்குச் செலவானது சில ரூபாய்தான். ஆனால் அந்தச் சிறுவனுக்கு அன்று உலகமே கிடைத்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற கிழவர், அந்தோனிக்குத் தாம் சொன்ன வார்த்தையை நினைத்துத் தலைகுனிந்தார்.

இரண்டாவதாக வந்தவர் கையில் லாந்தர் பிடித்த, சிரித்த முகமுள்ள ஒரு பெரியவர். அவர் அந்தோனியின் காம்பராவுக்கு அழைத்துப் போனார். ஒரு சேவல், எட்டுப் பேர். ஆனாலும் கறிச்சட்டியைத் திறந்தபோது இப்படி ஒரு மணம் உலகத்திலேயே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். சின்னராசு, "கோயில்ல எல்லாரும் என் காலைப் பார்த்தாங்கப்பா. பார்க்கட்டும். முடவனை நடக்க வச்ச ஏசுசாமி அவங்களுக்கு ஞாபகம் வரும்ல!" என்றான். அந்தோனி, "முதலாளிக்காகவும் ஒரு செபம் சொல்லுவோம்" என்றார். மனைவி ஒன்றும் பேசவில்லை. கையைக் காதுக்குக் கொண்டுபோனார். தோடு இருந்த துளையில் ஈர்க்குக் குச்சி செருகியிருந்தது.

"ஐயா, அந்தப் பிள்ளை பிழைப்பானா?" என்று முதலாளி கேட்டார்.

"இப்படியே போனால், அடுத்த நத்தாருக்கு அந்த மூலையில் கம்பு மட்டும் இருக்கும்."

லாந்தர்க்காரரின் போர்வைக்குள் இரண்டு பிள்ளைகள் ஒடுங்கி நின்றார்கள். பையன் கொழும்புக் கடையொன்றில் கோப்பை கழுவுகிறவன். சிறுமி யாருடைய வீட்டிலோ குழந்தை பார்க்கிறவள். இருவர் கையிலும் பள்ளிக்கூடக் கொப்பி இல்லை. "இவர்கள் யார் பிள்ளைகள்?" "உன் பற்றுக் கொப்பியைத் திறந்து பார். தகப்பன் பெயர் அதில் இருக்கும்."

மூன்றாவதாக வந்தவர் கறுப்புக் கம்பளி போர்த்தியிருந்தார். முகம் தெரியவில்லை, பேசவுமில்லை. கை நீட்டிக் காட்டினார். அந்தோனி வீட்டு மூலையில் சாத்திய கம்பு. இன்னொரு லயத்து இஸ்தோப்பில் ஒரு கணவனும் மனைவியும் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள்: "செத்துட்டாராம். சந்தோசப்படக் கூடாதுதான்... ஆனா இன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்." பிறகு தோட்டத்து மயானம். பூவில்லாத, மெழுகுதிரியில்லாத ஒரு குழி. சிலுவையில் பெயர்: சவரிமுத்து.

"ஆண்டவரே, இன்னும் ஒரு நாள் தாரும்!" என்று அலறிக்கொண்டு எழுந்தார். கோயில் மணி அடித்தது. யன்னலைத் திறந்தார். மழை விட்டிருந்தது. பாதையில் ஒரு பையன். "தம்பி, இன்னைக்கு என்ன நாள்?" "நத்தார், முதலாளி!"

கோயிலுக்கு ஓடினார். முதல் வாங்குக்குப் போகவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனார். பூசை முடிந்ததும் கடையைத் திறந்து, பூட்டிய பெட்டியை வெளியே எடுத்தார். லயம் லயமாக ஏறினார். அந்தோனியின் மனைவியிடம் சிறு பொட்டலத்தை நீட்டி, "தங்கச்சி, இது உங்களுடையது. நான் வச்சிருந்திருக்கக் கூடாது" என்றார். அதன்பிறகுதான் இரண்டு சேவல்களும் ஒரு மூட்டை அரிசியும் வந்தன. மத்தியானம் பிலிப்பின் வீட்டுப் படியில் நின்று, "மாமா வந்திருக்கேன், சோறு இருக்கா?" என்று கேட்டார்.

சின்னராசு சாகவில்லை. முதலாளியே அவனைக் கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறான். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறான். கொழும்புக்குப் போன அந்த இரண்டு பிள்ளைகளும் தை மாதம் வீடு திரும்பினார்கள்.

கதை கற்பிப்பது

முதலாவது: நீதி முதலில், தர்மம் பிறகு. டிக்கன்ஸின் கதையில் ஸ்குரூஜ் முதலில் ஒரு பெரிய வான்கோழியை அனுப்புகிறான். மறுநாள்தான் சம்பளத்தை உயர்த்துகிறான். நம் கதையில் வேண்டுமென்றே வரிசையை மாற்றினோம். பிறன் தோட்டைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குச் சேவல் அனுப்புவது தர்மமாகாது. ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு என்கிறது யாத்திராகமம் (22:26-27). கூலியாளின் கூலியை அன்றே கொடு என்கிறது உபாகமம் (24:15). சக்கேயு ஏழைகளுக்குப் பாதி கொடுத்ததோடு நிற்கவில்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் வாக்களித்தார் (லூக்கா 19:8).

இரண்டாவது: ஆவிகள் கதைக்கு உரியவை; விசுவாசத்துக்கு உரியவை அல்ல. பயந்த பிள்ளைகளுக்கு இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். செல்வனும் இலாசருவும் பற்றிய உவமையில், இறந்தவன் ஒருவனைத் தன் சகோதரரிடம் அனுப்பும்படி செல்வன் மன்றாடினான். ஆபிரகாம் மறுத்துவிட்டார், மோசேயும் இறைவாக்கினரும் அவர்களுக்குப் போதும் என்றார் (லூக்கா 16). நம்மிடமும் சூசைப்பிள்ளை வரமாட்டார். ஞாயிறு தோறும் வாசிக்கப்படும் இறைவார்த்தையே நமக்கு வந்த எச்சரிக்கை.

மூன்றாவது: மூவர் வருகையும் ஒரு நல்ல பாவசங்கீர்த்தனத்தின் படிகள். கடந்ததை நினைப்பது ஆத்தும சோதனை. இன்று பிறர் படும் துன்பத்தைக் கண்டு வருந்துவது மனஸ்தாபம். வரப்போவதை எண்ணி வழியை மாற்றுவது பிரதிக்கினை. திருவருகைக் காலம் முழுவதும் இந்த மூன்றுக்காகவே தரப்பட்டது.

நான்காவது: இக்கதை அன்பு வரை நம்மைக் கூட்டிச் செல்கிறது, குடிலின் வாசலில் விட்டுவிடுகிறது. உள்ளே அழைத்துப்போவது நம் வேலை. நமக்கு எதுவும் கடன்படாத இறைமகன், செல்வராயிருந்தும் நமக்காக ஏழையானார் (2 கொரிந்தியர் 8:9). நம்முடைய பற்றுக் கொப்பியைக் கிழித்தவர் அவரே. மன்னிக்கப்பட்டவன் மன்னிக்கிறான், அதுதான் நத்தார்.

வீட்டில் செய்ய

நத்தாருக்கு முந்திய மூன்று இரவுகளும் செபமாலைக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

முதல் இரவு: நம் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் உதவியவர் யார்? வேறு இனத்தவரோ வேறு சமயத்தவரோ ஆயினும் அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, அவருக்காகச் செபியுங்கள்.

இரண்டாம் இரவு: நம் வீட்டில் இருக்கும் பிறர் பொருள் என்ன? வாங்கித் திருப்பாத கைமாற்று, கட்டாத சீட்டுப் பணம், வேலை வாங்கிக் கொடுக்காத கூலி. பிள்ளைகளும் பார்க்கட்டும்: நண்பனின் பென்சிலும் பிறர் பொருளே. நத்தாருக்கு முன் திருப்பிக் கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள். முடியாததற்குப் போய், முகம் பார்த்து, தவணை கேளுங்கள். கடன் கொடுத்தவர் நீங்களாயின், பண்டிகை முடியும்வரை அந்த வாசலில் போய் நிற்காதீர்கள்.

மூன்றாம் இரவு: நம் லயத்தில், நம் தெருவில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை உண்டா? பதினாறு வயதுவரை கல்வி இந்நாட்டில் கட்டாயம். அந்தப் பிள்ளைக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுப்பது நல்லது. அது ஏன் போகவில்லை என்று அதன் பெற்றோரிடம் அன்போடு கேட்டு, பங்குத்தந்தையிடமோ பாடசாலை அதிபரிடமோ சேர்ந்து போவது அதைவிட நல்லது.

பிறகு பிள்ளைகளைக் கதை சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் உங்கள் ஊர்க் கடையையும், உங்கள் பாதையையும், உங்களையும்கூட அதில் சேர்ப்பார்கள். தடுக்காதீர்கள். கதை ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

சிந்திக்க

1. சவரிமுத்து முதலாளி வாரந்தோறும் பூசைக்குப் போயும் ஏன் மாறவில்லை?

2. பௌத்தரான கடைக்காரர் நத்தாரை எவ்வாறு கொண்டாடினார்?

3. அந்தோனியின் மனைவி, முதலாளிக்காகச் செபிக்க வாய் வராமல் இருந்தது பாவமா? தோடு திரும்பிய பின் அவர் என்ன சொல்லியிருப்பார்?

4. இக்கதையை நாத்தான் நம் வீட்டில் வந்து சொன்னால், யாரை நோக்கி விரல் நீட்டுவார்?